புகார் எழுந்த பெரிய உணவகத்துக்குச் சாப்பிடப் போகலாமா?

கேள்வி இதுதான். அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்குச் சென்னையில் ஓர் உயர்தர உணவகத்தில் எட்டுப் பேருக்கு மேசை பதிவு செய்து முன்பணமும் கட்டியாகிவிட்டது. அப்பா எங்கே போனாலும் வேட்டிதான். வீட்டில் பல வருடமாக வேலை பார்க்கும் அக்காவும் உடன் வருகிறார். பதிவு செய்த பிறகுதான் தெரிகிறது, அந்த உணவகத்தின் மேல் வரிசையாகப் புகார்கள்: ஆளைப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள், சிலருக்கு மட்டும் மூலை மேசை, சிலரை ஊழியர்கள் கண்டுகொள்வதே இல்லை. போகலாமா, ரத்து செய்யலாமா? போன இடத்தில் அப்படி நடந்தால் என்ன செய்வது? சட்டம் ஏதாவது இருக்கிறதா?

நட்சத்திர ஓட்டல்களின் உணவகங்களில் கேப்டனாகவும் பிறகு மேனேஜராகவும் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். புகார் வந்திருக்கிறது என்பதற்காக மட்டும் ரத்து செய்ய வேண்டாம். புகாரே இல்லாத இடம் என்பதற்காக நிம்மதியாகவும் போக வேண்டாம். ரத்து செய்வதா இல்லையா என்பதை ஒரு மெயிலும் ஒரு ஃபோனும் தீர்த்துவிடும். அதற்கு முன் இந்தப் பாகுபாடு எப்படி நடக்கிறது என்று தெரிந்திருந்தால்தான் புகார்களைச் சரியாகப் படிக்க முடியும்.

இந்தத் தொழிலில் யாரும் "உங்களைப் போன்றவர்களுக்கு இடமில்லை" என்று சொல்வதில்லை. வாசலில் நிற்கும் ஹோஸ்டஸ் கையில் ஒரு டேப்லெட் இருக்கும். அதில் எந்த மேசை காலி, எது பதிவு, எது இன்னும் அரை மணியில் எழுந்துவிடும் என்று எல்லாம் தெரியும். வருபவர் கண்ணாடிக் கதவைத் தள்ளும்போதே பார்வை ஒரு முறை காலிலிருந்து மேலே போகும்: செருப்பு, வாட்ச், கைப்பை, உடன் வருபவர்கள். அந்த ஒரு நொடியில் முடிவாகிவிடும். பிடித்துப்போனால் "ஒரு நிமிஷம் சார், பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஜன்னலோர மேசை. பிடிக்காவிட்டால் அதே "ஒரு நிமிஷம்", அப்புறம் "சாரி சார், ஃபுல்லி புக்டு". பதிவு செய்து வந்தவரைத் திருப்பி அனுப்ப முடியாது; அவருக்குக் கழிவறைப் பக்கத்து மேசையோ, சமையலறைக் கதவு திறந்து மூடும் இடமோ கிடைக்கும். இதற்கெல்லாம் எழுத்தில் எந்த உத்தரவும் இருக்காது. மாலையில் வேலை தொடங்கும் முன் ஊழியர்களைக் கூட்டிச் சொல்லும் பிரீஃபிங்கில் "இன்னிக்கு க்ரௌடு கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று ஒரு வரி. அது போதும், எல்லோருக்கும் புரியும்.

இதில் ஒரு கசப்பான வேடிக்கை உண்டு. வாசலில் நின்று ஆளை அளக்கிற பையன் பெரும்பாலும் சின்ன ஊரிலிருந்து கேட்டரிங் படித்துவிட்டு வந்தவன். அவன் அப்பா வந்து நின்றால் அவருக்கும் அதே "ஃபுல்லி புக்டு"தான். ஆகவே கோபத்தை அவன் மேல் காட்டுவதில் பெரிதாகப் பயனில்லை. அவனுக்கு அந்தப் பார்வையைக் கற்றுக்கொடுத்தது யார் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

நாம் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். பாரிஸில் 2013-ல், ஒரு பெரிய உணவகக் குழுமத்தின் இடங்களில் பார்க்க அழகாக இருப்பவர்களை முன்பக்கமும் மற்றவர்களைப் பின்பக்கமும் உட்கார வைக்கச் சொல்லித் தங்களுக்கு உத்தரவு இருந்ததாக முன்னாள் ஊழியர்கள் சொன்னதை 'லெ கனார் ஆன்ஷெனே' பத்திரிகை வெளியிட்டது. அமெரிக்காவில் டென்னிஸ் (Denny's) உணவக நிறுவனத்தின் கதை இன்னும் பிரபலம். அது உயர்தர உணவகம் இல்லை, நெடுஞ்சாலையோரக் குடும்ப உணவகம். ஆனால் பாகுபாட்டைப் புரிந்துகொள்ள அதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. 1993 ஏப்ரலில் அனபோலிஸ் நகரத்துக் கிளை ஒன்றுக்கு அதிபரின் பாதுகாப்புப் பிரிவான சீக்ரெட் சர்வீஸ் ஆட்கள் 21 பேர் காலை உணவுக்குப் போகிறார்கள். ஒரே சீருடை, ஒரே நேரம், ஒரே மெனு. வெள்ளையர் மேசைகளுக்குச் சாப்பாடு வந்துவிட்டது, இரண்டாம் முறையும் பரிமாறியாகிவிட்டது. கறுப்பினத்தவர் 6 பேர் இருந்த மேசைக்குச் சுமார் ஒரு மணி நேரமாகியும் வரவில்லை. அடுத்த ஆண்டு அந்த நிறுவனம் இந்த வழக்கையும் இதைப் போன்ற மற்ற வழக்குகளையும் 5 கோடி டாலருக்கு மேல் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது.

அங்கே யாரும் யாரையும் திட்டவில்லை. வெளியே போ என்று சொல்லவில்லை. சாப்பாடு தாமதமானது, அவ்வளவுதான். தனியாகப் பார்த்தால் "அன்றைக்குக் கிச்சன் பிஸி" என்று சொல்லித் தப்பித்துவிடலாம். பக்கத்து மேசையை வைத்துப் பார்த்தபோதுதான் அது பாகுபாடு என்று நின்றது. பால்டிமோரில் 2020-ல் ஊஸோ பே என்ற உயர்தர உணவகத்திலும் இதே கதை. ஒரு கறுப்பினத் தாயின் சிறு மகன் விளையாட்டு உடை அணிந்திருக்கிறான், எங்கள் டிரஸ் கோடுக்கு ஒத்துவராது என்று மேனேஜர் மறுக்கிறார். அந்தத் தாய் தன் ஃபோனில் பதிவு செய்த காட்சியிலேயே ஏறக்குறைய அதே மாதிரி உடையோடு ஒரு வெள்ளைச் சிறுவன் தெரிகிறான். அந்த வீடியோவில் வேறு எதுவும் இல்லாவிட்டாலும் அது போதும். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, குழந்தைகளுக்கான உடை விதியையும் மாற்றியது.

ஆகவே நீங்கள் பார்த்த புகார்களை மறுபடி எடுத்து, ஒவ்வொன்றிலும் இந்த ஒப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள். "சர்வீஸ் மோசம், திமிர் பிடித்தவர்கள்" என்பது பாகுபாடு பற்றி எதையும் சொல்லாது. எல்லோரிடமும் சமமாகத் திமிர் காட்டும் இடங்களும் உண்டு. "மேசை இல்லை என்றார்கள், எங்களுக்குப் பின்னால் பதிவு இல்லாமல் வந்த நால்வரை உள்ளே அழைத்துப் போனார்கள்" என்றால் அது வேறு. "எங்களிடம் மட்டும் முன்கூட்டியே பணம் கேட்டார்கள்", "என் கணவர் வேட்டியில் வந்ததால் நிறுத்தினார்கள், அரைக்கால் சட்டையில் வந்த வெளிநாட்டுக்காரரை விட்டார்கள்" – இப்படி இரண்டு பேரை ஒரே நேரத்தில், ஒரே விதியின் கீழ் காட்டும் புகார் ஒன்று இருந்தாலும் அதற்கு எடை அதிகம். ஒருவருக்கொருவர் தெரியாத மூன்று நான்கு பேர் வெவ்வேறு மாதங்களில் அதே மாதிரி எழுதியிருந்தால் தற்செயல் என்று தள்ள முடியாது. அங்கே வேலை பார்த்தவர்கள் எழுதியிருந்தால் அதை முதலில் படியுங்கள். பிரீஃபிங்கில் என்ன சொல்லப்பட்டது என்று வாடிக்கையாளருக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும்.

அடுத்து நிர்வாகம் என்ன பதில் சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். என் கணக்கில் புகாரைவிட இதுதான் அதிகம் காட்டிக்கொடுக்கும். பத்துப் பேருக்கும் ஒரே வரியை ஒட்டி, "உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம், விருந்தோம்பலே எங்கள் உயிர்மூச்சு" என்று போட்டிருந்தால் ஒன்றும் மாறவில்லை என்று அர்த்தம். என்ன நடந்தது, யார் பொறுப்பு, எந்த விதியை மாற்றினோம் என்று இருந்தால் மதிக்கலாம். மேலே சொன்ன டென்னிஸ் அந்த அவமானத்துக்குப் பிறகு பயிற்சி, வேலைக்கு எடுப்பது, கிளை உரிமம் கொடுப்பது எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. 2000-ல் ஃபார்ச்சூன் பத்திரிகை சிறுபான்மையினருக்கு ஏற்ற நிறுவனங்கள் என்று போட்ட பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. புகார் எழுந்த இடம் திருந்தவே திருந்தாது என்று நான் சொல்லாததற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி சட்டம். "அனுமதி மறுக்கும் உரிமை எங்களுக்கு உண்டு" என்ற பலகையைப் பல வாசல்களில் பார்த்திருப்பீர்கள். அதைச் சட்டம் என்று நினைத்துப் பலர் பேசாமல் திரும்பிவிடுகிறார்கள். குடித்துவிட்டு ரகளை செய்பவரை, இடம் நிரம்பிய பிறகு வருபவரை, கிச்சன் மூடிய பிறகு வருபவரை மறுக்க உணவகத்துக்கு உரிமை உண்டு, அதில் சந்தேகமில்லை. ஆனால் அரசியலமைப்பின் 15(2) பிரிவு தெளிவாகச் சொல்கிறது: மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காரணமாகக் கொண்டு எந்தக் குடிமகனையும் கடைகள், பொது உணவகங்கள், ஓட்டல்கள், பொழுதுபோக்கு இடங்களுக்குள் நுழையவிடாமல் தடுக்கக் கூடாது. அடிப்படை உரிமைகளில் பெரும்பாலானவை அரசைக் கட்டுப்படுத்துபவை. இது தனியாரையும் கட்டுப்படுத்துகிறது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் "கடை" என்றால் எதெல்லாம் என்று கேள்வி வந்தபோது அம்பேத்கர் அதை மிக அகலமாக விளக்கினார்: யார் வந்து கேட்டாலும் தன் சேவையைத் தர ஒருவர் தயாராக இருக்கும் இடம் எதுவோ அதுவே கடை. 2011-ல் உச்ச நீதிமன்றமும் இந்திய மருத்துவச் சங்க வழக்கில் அந்த விளக்கத்தை எடுத்துக்கொண்டு, தனியார் சேவைகளுக்கும் 15(2) பொருந்தும் என்றது.

சாப்பிடும் இடத்தை வைத்துத்தான் நம் ஊரில் இந்தச் சண்டைகளில் பல நடந்திருக்கின்றன என்பதையும் மறக்க முடியாது. சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனிப் பந்தி போட்ட விவகாரம் 1920-களில் காங்கிரசையே உலுக்கியது. 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கஃபே பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் மறியல் நடத்தினார், மாதக்கணக்கில் போனது. டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருந்ததை நம்மில் பலர் கண்ணாலேயே பார்த்திருக்கிறோம். 1955-ன் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு உணவகத்துக்குள் நுழைவதைத் தடுப்பதை மட்டுமல்ல, அங்குள்ள பாத்திரங்களைப் பயன்படுத்துவதைத் தடுப்பதையும் தீண்டாமைக் குற்றமாக்கியது. ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. அபராதம் 100 ரூபாய் முதல் 500 ரூபாய் வரை. நாம் பேசும் உணவகத்தில் ஒரு பாட்டில் தண்ணீருக்கே அந்த அபராதம் சரியாகப் போய்விடும்! அதனால் நடைமுறையில் வலுவானது 1989-ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 2015 திருத்தத்துக்குப் பிறகு, பட்டியல் சாதி, பழங்குடியினரைக் கடை போன்ற பொது இடங்களுக்குள் நுழையவிடாமல் தடுப்பது ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். முதல் தகவல் அறிக்கை பதிவதற்கு முன் விசாரணை தேவையில்லை என்று 18அ பிரிவு சொல்கிறது. 14566 என்ற உதவி எண்ணும் இருக்கிறது.

சரி, இவ்வளவு சட்டம் இருக்கிறதே, பிறகு ஏன் பெரிய உணவகங்களில் எளிதாக நடக்கிறது? ஏனென்றால் அந்த வாசலில் யாரும் சாதி கேட்பதில்லை. உடையைப் பார்க்கிறார்கள், நிறத்தைப் பார்க்கிறார்கள், ஆங்கிலம் எப்படி வருகிறது என்று கேட்கிறார்கள், உடன் வருபவர் முதலாளியா வேலையாளா என்று கணக்குப் போடுகிறார்கள். இவற்றுக்குப் பின்னால் சாதியும் வர்க்கமும் பின்னிக் கிடக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 15(2)-ன் பட்டியலில் வர்க்கம் இல்லை, தொழில் இல்லை, மொழி இல்லை, உடை இல்லை. "சாதியை மட்டும் காரணமாக" மறுத்தார் என்று நிரூபிக்க வேண்டுமானால் அவருக்கு உங்கள் சாதி தெரிந்திருக்க வேண்டும். "டிரஸ் கோட் சார்" என்று சொல்லிவிட்டால் அந்தக் கேள்வியே எழாது. டிரஸ் கோட் இந்தத் தொழிலுக்கு இவ்வளவு பிடித்துப்போனதற்கு இது முக்கியமான காரணம் என்பது என் அபிப்பிராயம்.

உங்கள் அப்பாவின் விஷயத்தில் மட்டும் தமிழ்நாட்டில் இருப்பது அதிர்ஷ்டம். 2014 ஜூலையில் உயர் நீதிமன்ற நீதிபதி டி. அரிபரந்தாமன், சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் ஒரு புத்தக வெளியீட்டு விழாவுக்கு வேட்டியில் போனார், உள்ளே விடவில்லை. சட்டமன்றத்தில் பெரிய பிரச்சினையாகி, அடுத்த மாதமே ஒரு சட்டம் நிறைவேறியது. வேட்டியோ வேறு இந்திய மரபு உடையோ அணிந்தவரை உடையை மட்டும் காரணம் காட்டிப் பொது இடத்துக்குள் விடாமல் தடுக்கக் கூடாது. மீறினால் உரிமம் ரத்தாகலாம், ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். ஒரு நீதிபதியை நிறுத்தியதால்தான் சட்டம் வந்தது, அதே வாசலில் அதற்கு முன் எத்தனை சாதாரண ஆட்கள் பேசாமல் திரும்பியிருப்பார்கள் என்று யோசித்தால் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சட்டம் சட்டம்தான். மெயிலில் அந்த 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சுட்டிக்காட்டிக் கேட்கலாம்.

மற்ற மாநிலங்களில் நிலைமை வேறு. 2021 செப்டம்பரில் தில்லி அக்கீலா உணவகத்தில் புடவை அணிந்து வந்த பெண்ணிடம், புடவை 'ஸ்மார்ட் கேஷுவல்' ஆகாது என்று ஊழியர் சொல்லும் வீடியோ நாடு முழுக்கப் பரவியது. ஒரு மணி நேர உரையாடலில் பத்து விநாடியை மட்டும் வெட்டிப் போட்டுவிட்டார்கள் என்று சொன்ன உணவகம், தன் பக்கத்து சிசிடிவி காட்சியை வெளியிட்டது. கடைசியில் மாநகராட்சி அந்த இடத்தை மூடச் சொன்னது எதற்காகத் தெரியுமா? வர்த்தக உரிமம் இல்லாமல் நடத்தியதற்காக. புடவைக்காக இல்லை. பெங்களூரில் 2024 ஜூலையில் வேட்டி கட்டி வந்த ஒரு முதிய விவசாயியை ஜி.டி. வேர்ல்டு மால் வாசலில் நிறுத்தியபோது, மாநில அரசு அந்த மாலை ஏழு நாள் மூட வைத்தது. இரண்டு இடத்திலும் வேலை செய்தது நிர்வாக அதிகாரம். பாகுபாடு என்று சொல்லி நீதிமன்றம் போய்த் தீர்ப்பு வாங்கிய கதைகள் இந்த வகையில் அரிது.

வீட்டில் வேலை செய்யும் அக்காவின் விஷயத்தில்தான் எனக்கு உண்மையான கவலை. சட்டத்தின் ஓட்டை முழுக்க அங்கேதான் இருக்கிறது. 2016-ல் கொல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டில் உள்ள மொகாம்போ உணவகத்துக்குத் தன் டிரைவரையும் சாப்பிட அழைத்துப் போன ஒரு பெண், உடை சரியில்லை என்று மேசை மறுத்துவிட்டதாகப் புகார் சொன்னார். அடுத்த வருடம் தில்லி கோல்ஃப் கிளப்பில், அழைப்பின் பேரில் வந்திருந்த ஒரு காசிப் பழங்குடிப் பெண்ணைச் சாப்பாட்டு மேசையிலிருந்து எழச் சொன்னார்கள். அவர் அணிந்திருந்தது ஜைன்செம் என்ற அவர்களுடைய மரபு உடை. பணிப்பெண் மாதிரி இருக்கிறது என்பது சொல்லப்பட்ட காரணம். சரி, அவர் பணிப்பெண்ணாகவே இருந்தால்தான் என்ன என்று கேட்டால் அதற்குப் பதில் சொல்ல நேரடியான சட்டம் கிடையாது. சில கிளப்களில் ஆயாக்களுக்குத் தனி இடம் என்று விதியே இருக்கிறது. நான் வேலை பார்த்த இடங்களிலேயே குழந்தையோடு வரும் ஆயாவுக்கு நாற்காலி போடாமல், அவர் நின்றுகொண்டே ஊட்டிவிட்டதைப் பார்த்திருக்கிறேன். ஊழியர் மேல் மட்டும் குற்றம் சொல்ல முடியாது, அந்தக் குடும்பமும் கேட்கவில்லை. உங்கள் வீட்டில் அவர் எட்டாவது விருந்தாளி என்பதைப் பதிவிலேயே பெயரோடு எழுதிவிடுங்கள். "எட்டுப் பேர், எட்டு நாற்காலி, ஒரே மேசை" என்று இருந்துவிட்டால் வாசலில் கணக்குப் போட இடமில்லை.

அம்மாவுக்கோ வேறு யாருக்கோ சக்கர நாற்காலி தேவைப்பட்டால் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இருக்கிறது. சேவை தரும் இடங்கள் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்று அதில் உண்டு. 2022-ல் குருகிராமில் சக்கர நாற்காலியில் வந்தவரை, மற்ற வாடிக்கையாளர்களுக்குத் தொந்தரவாகும் என்று சொல்லி ஓர் உணவகம் மறுத்தது, அது பரவலாகக் கண்டிக்கப்பட்டது. திருநர்களுக்கு 2019-ன் சட்டம் பொதுமக்களுக்கான சேவைகளை மறுப்பதைத் தடை செய்கிறது.

இப்போது அந்த மாலையில் என்ன செய்வது. வாசலில் ஏதாவது மறுப்பு வந்தால் குரலை உயர்த்துவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த விதி எங்கே எழுதியிருக்கிறது, காட்ட முடியுமா?" அப்புறம் டியூட்டி மேனேஜரைக் கூப்பிடச் சொல்லுங்கள். ஹோஸ்டஸுக்கு விதியை மாற்றும் அதிகாரம் இல்லை, மேனேஜருக்கு உண்டு. அவருக்குத் தன் பெயர் புகாரில் வருவது பிடிக்காது. நான் பார்த்தவரை பாதிக்கு மேல் அந்த இடத்திலேயே சரியாகிவிடும். மேசை பிடிக்கவில்லை என்றால் உட்காருவதற்கு முன் சொல்லுங்கள். உட்கார்ந்து தண்ணீர் ஊற்றிய பிறகு மாற்றுவது, பரிமாறும் ஸ்டூவர்டுகள் இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்த மேசைகளைக் கலைப்பது. அதைச் சாக்காக வைத்து மறுப்பார்கள். காலியாகத் தெரியும் ஒரு மேசையைக் காட்டி "அது யாருக்கு, எத்தனை மணிக்கு?" என்று கேட்கலாம். பதிவு உண்மையாக இருந்தால் டேப்லெட்டைப் பார்த்து உடனே நேரம் சொல்வார்கள். தடுமாறினால் விஷயம் வேறு.

சாப்பாடு தாமதமானால் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஆர்டர் எடுத்தது எப்போது, உங்களுக்குப் பின் வந்த மேசைக்கு முதல் தட்டு வந்தது எப்போது. பில்லில் மேசை எண், நேரம், பரிமாறியவரின் பெயர் அல்லது எண் எல்லாம் அச்சாகியிருக்கும், அதைத் தூக்கிப்போட வேண்டாம். உங்களோடு நடக்கும் உரையாடலைப் பதிவு செய்யலாம். பக்கத்து மேசைக் குடும்பத்தின் முகத்தைப் படமெடுத்து வெளியிடுவது தேவையில்லாத வம்பு. பதிவு செய்ததை வெட்டாமல் முழுசாக, எடுத்த ஃபோனிலேயே வைத்திருங்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் இணைக்க வேண்டும். மூலக் கோப்பு இருந்தால் அது எளிது. அக்கீலா விவகாரத்தில் பத்து விநாடி வீடியோ என்ன பாடுபட்டது என்று பார்த்தோம்.

அன்று இரவே உணவகத்துக்கு ஒரு மெயில் அனுப்புங்கள். நடந்ததை மணி வாரியாக எழுதி, கடைசியில் "இந்த நேரத்து சிசிடிவி பதிவை அழிக்காமல் பாதுகாத்து வையுங்கள்" என்று ஒரு வரி சேருங்கள். அந்தப் பதிவுகள் சில வாரங்களில் தானாக அழிந்து மேலே புதியது ஏறிவிடும். எழுத்தில் கேட்ட பிறகு அழிந்தால் அதற்கு அவர்கள் விளக்கம் சொல்ல வேண்டி வரும்.

நுகர்வோர் வழி பலருக்குத் தெரிந்ததுதான்: 1915 என்ற தேசிய உதவி எண், அப்புறம் இ-ஜாக்ரிதி தளம் வழியாக மாவட்ட ஆணையத்தில் வழக்கு. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். ஆனால் ஒரு நுணுக்கம்: பணம் கொடுத்தவரோ கொடுப்பதாக ஒப்புக்கொண்டவரோதான் சட்டத்தின் கண்ணில் நுகர்வோர். பதிவே இல்லாமல் போய் வாசலில் திரும்பியவர் நுகர்வோரா என்று எதிர்த்தரப்பு வாதாடும். நீங்கள் முன்பணம் கட்டியிருப்பது அந்த வகையில் உங்களுக்குச் சாதகம், அந்த ரசீதை மெயிலில் தனியாக எடுத்து வையுங்கள். பொதுவெளியில் எழுதுவதானால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். "வேட்டியில் வந்த என் அப்பாவை 8.10-க்கு நிறுத்தினார்கள், 8.15-க்கு இன்னொருவரை விட்டார்கள்" என்பதில் யாரும் குறை காண முடியாது. "இவர்கள் எல்லோரும் சாதி வெறியர்கள்" என்று போட்டால் அவதூறு நோட்டீஸ் வரும், பேச்சு திசைமாறிவிடும்.

இடையில் ஒன்று. அவமானப்பட்ட மேசைக்கும் பில்லில் சர்வீஸ் சார்ஜ் போட்டிருப்பார்கள். அதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் வழிகாட்டுதல் போட்டது, தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொல்லுங்கள். நன்றாகப் பார்த்துக்கொண்ட ஸ்டூவர்ட் இருந்தால் அவர் கையில் நேராகக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நாளை காலை பதினோரு மணி வாக்கில், மதியக் கூட்டம் தொடங்குவதற்கு முன், உணவகத்துக்கு ஃபோன் செய்து ரெஸ்டாரன்ட் மேனேஜரிடம் பேசுங்கள். அப்பா வேட்டியில் வருகிறார், எட்டு விருந்தாளிகளும் ஒரே மேசையில் உட்காருவார்கள், எந்த மேசை என்று இப்போதே சொல்ல முடியுமா என்று கேளுங்கள். புகார்களைப் பார்த்தேன், அதற்குப் பிறகு என்ன மாற்றினீர்கள் என்றும் தயங்காமல் கேளுங்கள். பேசியதைச் சுருக்கி மெயில் போட்டு "சரிதானே, உறுதி செய்யவும்" என்று முடியுங்கள். மேசை எண்ணோடு ஒழுங்கான பதில் வந்தால் போய்ச் சாப்பிடுங்கள், அம்மாவுக்கு என் வாழ்த்துகள். "அது மேனேஜ்மென்ட் டிஸ்க்ரிஷன் மேடம், அன்றைக்கு வாங்க பார்க்கலாம்" என்று வந்தால் அன்றே ரத்து செய்து, ஏன் ரத்து செய்கிறேன் என்ற காரணத்தையும் அதே மெயிலில் எழுதி முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். தரவில்லை என்றால் 1915.